நன்மை வாங்காதவர்

சேசு மரி சூசை

செம்பவாங், சிங்கப்பூர்
9-6-1957

அன்புள்ள சவரிராஜ் அண்ணனுக்கு,

தங்கை அற்புதமேரி எழுதுவது. மாதா தயவில் இங்கே எல்லாரும் எழுந்து நடமாடுகிறோம். நீங்களும் அந்தோனியம்மாள் மதினியும் சுகமாயிருக்க வேண்டும். கிறிஸ்துமஸுக்கு நான் போட்ட கடிதத்துக்குப் பதிலே காணோம். "தூத்துக்குடியில மை தீந்துபோச்சோ?" என்று உங்கள் சிநேகிதரைக் கேட்டேன். சிரிக்கவில்லை.

அவரைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன். அண்ணன், கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்த பத்து வருஷமாக ஒன்றைப் பார்த்தும் பார்க்காதவள்போல் இருந்துவிட்டேன். உங்கள் லாசரஸ் நன்மை வாங்குவதில்லை.

மற்றதில் அவருக்கு ஒரு குறை சொல்ல முடியாது. வெள்ளைக்காரக் கடற்படை பேஸில் கப்பல் பட்டறை வேலை முடிந்து வந்ததும் குளித்துவிட்டு, குடியிருப்பில் உள்ளவர்களைக் கூட்டிச் செபமாலை சொல்லுகிறார். மரியாயின் சேனைக்கு அவர்தான் தலைவர். பிலோமினாவுக்கு ஒன்பது வயது. அவள் தலையை இன்றைக்கும் அவர்தான் பின்னுகிறார், கப்பல் கயிறு மாதிரி. சாயங்காலம் வரை ஒரு மயிர் கலையாது. ஞாயிற்றுக்கிழமை முதல் பஸ்ஸில் எங்களையெல்லாம் ஏற்றித் தேக்காவில் இறக்கி, தமிழ்க் கோயிலுக்கு நடத்திக் கூட்டிப்போகிறார். ஆனால் சாமியார் நாவில் வைக்கிற அப்பத்தை, அந்த நன்மையை, வாங்க எல்லாரும் எழுந்து போகும்போது அவர் மட்டும் பெஞ்சிலேயே முழங்காலில் இருப்பார். கேட்டால், "காப்பி குடிச்சிட்டனே மேரி, கப்பல்ல பழகின வாய்" என்பார். நடுச்சாமத்திலிருந்து ஒன்றும் வாயில் போடாதவர்தானே நன்மை வாங்கலாம்? அதனால் நானும் விட்டுவிடுவேன். வருஷத்துக்கு ஒரு தரம் கட்டாயமான பாஸ்கா நன்மையைக் கேட்டால், "பேஸ் சாப்பல்ல வாங்கிட்டேன்" என்பார்.

இந்த வருஷம் ரோமாபுரியிலிருந்து புதுச் சட்டம் வந்ததே, ஒரு மணி நேரத்துக்கு முந்திக் காப்பி குடித்தவரும் வாங்கலாம் என்று. எனக்கு ஒரே சந்தோஷம். அடுத்த ஞாயிறு கோயிலில் முதல் மணி அடிக்கிறது, இவர் வாசலுக்கு எதிரே சாகுல் ஹமீது பாய் கடையில் நின்று ஒரு குவளைக் காப்பியை மருந்து ஊற்றுகிற மாதிரி தொண்டையில் ஊற்றிக்கொண்டிருக்கிறார். அப்போதுதான் எனக்குப் புரிந்தது. இத்தனை வருஷமும் காப்பி வெறும் சாக்கு.

என் கூடப்பிறந்த அண்ணன் தொம்மை, இவர், நீங்கள், மூன்று பேரும் ஒரே போர்க்கப்பலில் இருந்தீர்கள். தொம்மையைக் குண்டு கொண்டுபோயிற்று. நீங்கள் இரண்டு பேர் திரும்பி வந்தீர்கள். இவர் மனதில் அப்படி என்ன பாவம் கிடக்கிறது? பம்பாயில் வேறு பெண் இருந்தாளா? இருந்தால் சொல்லிவிடுங்கள், தாங்கிக்கொள்வேன். என் அம்மாவும் போய் இரண்டு வருஷமாகிறது. அந்தக் காலத்துச் சங்கதி கேட்க உங்களை விட்டால் எனக்கு யார்?

அவருக்கு ஒரு மாதமாய் இருமல் விடவில்லை. மதினிக்கும் உங்களுக்கும் எங்கள் தோத்திரம்.

தங்கை
அற்புதமேரி

*

தூத்துக்குடி
2-7-1957

அன்புள்ள தங்கச்சிக்கு,

சர்வேசுரனுக்கு நன்றி, இங்கே எங்களுக்கு ஒரு குறையுமில்லை. துறைமுகத்தில் வேலை நெருக்கடி, அதனால்தான் எழுத முடியவில்லை. இம்மாதக் கடைசியில் மாதா கோயில் கொடியேற்றம். இந்த வருஷம் என்னையும் விழாக் கமிட்டியில் போட்டிருக்கிறார்கள், தலைக்கு மேல் வேலை. மதினிக்கு மூட்டுவலி. கப்பலில் வருகிற ஆள் ஒருவரிடம் சில்லுக்கருப்பட்டி கொடுத்து அனுப்பியிருக்கிறேன், பிள்ளைகளுக்குக் கொடு.

நீ கேட்டது ஒரு ஆத்துமத்துக்கும் ஆண்டவருக்கும் நடுவில் உள்ள விஷயம். பெண் சமாசாரம் எதுவுமில்லை, அதற்கு நான் பொறுப்பு. லாசரஸ் மாதிரி உத்தமன் கிடைக்கமாட்டான். அவனைத் துளைத்துக் கேட்காதே. இருமலுக்கு ஆடாதோடை இலையைக் காய்ச்சிக் கொடு.

உன் அண்ணன்
சவரிராஜ்

*

செம்பவாங்
11-8-1957

அன்புள்ள அண்ணனுக்கு,

திருவிழா நல்லபடி முடிந்திருக்கும். மதினியின் மூட்டுவலி தேவலையா? கருப்பட்டி வந்தது. பிள்ளைகள் தின்றார்கள். அவரால் விழுங்க முடியவில்லை.

ஆடாதோடைக்கு அடங்குகிற இருமல் இல்லை, அண்ணன். நுரையீரலில் கட்டி. ஆஸ்பத்திரியில் சேர்த்து மூன்று வாரமாகிறது. வெள்ளைக்கார டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, தமிழ் தெரிந்த நர்ஸை வைத்துச் சொன்னார். கிறிஸ்துமஸைப் பார்க்கமாட்டாராம்.

அதைக்கூட நான் விழுங்கிக்கொண்டேன். விழுங்க முடியாதது இன்னொன்று. போன வெள்ளிக்கிழமை சாமியார் சாகக்கிடக்கிறவர்களுக்குச் செய்கிற அவஸ்தைப்பூசுதலுக்கு எண்ணெயும் நன்மையும் எடுத்துக்கொண்டு வந்தார். இவர் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டு, "இன்னும் இல்ல சாமி" என்றார். சாமியார் எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். "ஆண்டவர் மன்னிச்சிட்டார் சாமி, அது எனக்குத் தெரியும். கேக்க வேண்டிய ஆள்கிட்ட இன்னும் கேக்கல" என்றார். சாமியார் போன பிறகு நான் கட்டிலைப் பிடித்துக்கொண்டு அழுதேன். அப்போது மெதுவாகச் சொன்னார்: "உன்கிட்ட ஒண்ணு சொல்லணும் மேரி. மாதா பீடத்துல கைவச்சு சத்தியம் பண்ணிட்டேன். சவரி விட்டாத்தான் வாய் திறக்கலாம். சவரிகிட்ட கேளு."

அண்ணன், உங்கள் காலைப் பிடித்துக் கேட்கிறேன். என்ன சத்தியமோ எனக்கு வேண்டாம், அதிலிருந்து அவரை விட்டுவிடுங்கள். தினம் செபமாலை சொன்ன மனிதர் நன்மையும் பூசுதலும் இல்லாமல் செத்தால் அந்த ஆத்துமம் எங்கே போய் நிற்கும்? நினைத்தால் எனக்குப் பைத்தியம் பிடிக்கிறது. ஒரு வரி போதும்.

தங்கை
மேரி

*

தூத்துக்குடி
30-8-1957

அன்புள்ள தங்கச்சிக்கு,

செய்தி படித்து நானும் மதினியும் இடிந்துபோனோம். லாசரஸ் பேருக்கு மூன்று பூசை வைத்திருக்கிறேன். மாதா பீடத்து விளக்கெண்ணெயைச் சின்னச் சீசாவில் அடைத்து அனுப்புகிறேன், நெஞ்சில் தடவு. பிள்ளைகளைத் தைரியமாகப் பார்த்துக்கொள். எல்லாம் அவர் சித்தம்.

சவரிராஜ்

*

செம்பவாங்
8-9-1957

சவரிராஜ் அண்ணனுக்கு,

இன்றைக்கு மாதா பிறந்தநாள். அதனால் கொஞ்சம் பொறுமையாக எழுதப் பார்க்கிறேன். முடியுமா என்று தெரியவில்லை.

எண்ணெய் வந்தது. உங்களிடம் நான் எண்ணெய் கேட்கவில்லை. உங்கள் கடிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். பின்பக்கம் எழுதியிருக்கிறதா, உறைக்குள் இன்னொரு தாள் ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று உறையைக் கிழித்துக்கூடப் பார்த்தேன். அவர் தினமும் நான் உள்ளே நுழைந்ததும் என் முகத்தைப் பார்ப்பதில்லை, கையைப் பார்க்கிறார், கடிதம் இருக்கிறதா என்று. இல்லையென்றால் கண்ணை மூடிக்கொள்கிறார். நூற்றைம்பது பவுண்டு இருந்தவர், இப்போது பிலோமினா தூக்கி உட்காரவைக்கிறாள்.

சாமியார் இரண்டாம் தடவையும் வந்து திரும்பிப் போனார். வெளி வராந்தாவில் வைத்து, "பிடிவாதம் பண்றாரம்மா, நீங்க சொல்லுங்க" என்கிறார். நான் எதைச் சொல்ல? பூட்டு இங்கே கிடக்கிறது. சாவி தூத்துக்குடியில் திருவிழாக் கமிட்டியில் இருக்கிறது.

உங்களுக்கு என்ன பயம், அண்ணன்? சாகிறவர் அவர். நீங்கள் இல்லையே.

அற்புதமேரி

*

தந்தி
17-9-1957

லாசரஸ் மிகவும் மோசம். உடனே விடுதலை கொடுங்கள். மேரி.

*

தூத்துக்குடி
18-9-1957

தங்கச்சி,

உன் தந்தி கிடைத்தது. பதில் தந்தியை ஊர் படித்துவிடும் என்று விமானத் தபாலில் எழுதுகிறேன். லாசரஸை விட்டுவிட்டேன் என்று முதலில் போய் அவனிடம் சொல். இந்தக் கடிதத்தின் மீதியைப் படிக்காமல் அப்படியே எழுந்து போ. படித்தால் உனக்குப் போகக் கால் வராது. அவனே தன் வாயால் சொல்லட்டும். அவனுக்குப் பேச முடியாமல் போயிருந்தால் மட்டும் படி.

உன் அண்ணன் குண்டில் சாகவில்லை.

1943, அரக்கான் கரையோரம். குண்டு கொதிகலன் அறைப் பக்கம் விழுந்து கடல் உள்ளே வந்துவிட்டது. கீழே தொம்மையும் இரண்டு பஞ்சாபிக்காரர்களும் வேலையில் இருந்தார்கள். மேலே அறைவாசலில் லாசரஸும் நானும். ஏணி அறுந்து விழுந்திருந்தது. மூடச்சொல்லி அதிகாரி கத்தினார். அந்த ஓர் அறையோடு தண்ணீரை அடைத்தால் கப்பல் மிதக்கும். விட்டால் தொண்ணூறு பேரும் போவோம். லாசரஸ், "தொம்மை, எதையாச்சும் பிடிச்சு ஏறிவாடா" என்று கத்திக்கொண்டே இருந்தான். நான்தான், "மூடுடா" என்றேன். அவன் இரும்பு மூடியை இறக்கினான். நான் திருகுகளை முறுக்கினேன். பிறகு கீழேயிருந்து தட்டினார்கள். எவ்வளவு நேரம் என்று என்னைக் கேட்காதே. நான் அங்கே நிற்கவில்லை, ஓடிவிட்டேன். லாசரஸ் அந்த மூடியின் மேலேயே உட்கார்ந்து, தட்டுகிற சத்தம் நிற்கும்வரை, கீழே கேட்கும்படி உரக்கச் செபமாலை சொன்னான்.

நொடியில் போய்விட்டான் என்று உன் அம்மாவுக்கு எழுதியது நான். போர் முடிந்து ஊர் வந்ததும் லாசரஸ் நேராக உன் வீட்டுக்குப் போய் எல்லாவற்றையும் சொல்லக் கிளம்பினான். பெற்றவள் தாங்கமாட்டாள் என்று அவனை மாதா பீடத்துக்கு இழுத்துப்போய், நான் விடும்வரை சொல்வதில்லை என்று சத்தியம் வாங்கினேன். உன்னிடம் சொல்லி மன்னிப்புக் கேட்காமல் நன்மை வாங்குவதில்லை என்பது அவனாகப் போட்டுக்கொண்ட தண்டனை. சாமியாரிடம் பாவசங்கீர்த்தனத்தில் எத்தனையோ தரம் சொல்லியிருக்கிறான். "சாமிக்குத் தெரியும், மேரிக்குத் தெரியாதே" என்று எனக்கு எழுதினான்.

வருஷத்துக்கு ஒன்றாகப் பத்துக் கடிதம் எழுதினான், விட்டுவிடு சவரி என்று. நான் ஒன்றுக்கும் பதில் போடவில்லை. உன் அம்மா இருந்தவரைக்கும் அவளுக்காக என்று சொல்லலாம். அவள் போன பிறகு வந்த இரண்டு கடிதத்துக்கு என்ன சாக்கு? இந்தத் தெருவில் நான் நிமிர்ந்து நடக்கிறேனே, அது கெட்டுவிடக்கூடாது என்றுதான். நான் ஞாயிறுதோறும் நன்மை வாங்குகிறவன், தங்கச்சி.

சவரிராஜ்

*

தூத்துக்குடி
10-10-1957

தங்கச்சிக்கு,

நீயும் பிள்ளைகளும் எப்படி இருக்கிறீர்கள்? என் கடிதம் கிடைத்ததா? லாசரஸ் எப்படி இருக்கிறான்? தினமும் தபாலாபீஸுக்கு நானே நடந்துபோய்க் கேட்கிறேன். மதினியிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவள் சோறு போடுகிறாள், பேசுவதில்லை.

என்னையும் மன்னித்ததாக ஒரு வரி எழுது. அதைக் கேட்க எனக்கு யோக்கியதை இல்லை, தெரியும். இருந்தாலும் கேட்கிறேன்.

சவரிராஜ்

*

செம்பவாங்
27-10-1957

அண்ணன் என்றே எழுதுகிறேன். வேறு எப்படிக் கூப்பிடுவது என்று தெரியவில்லை. நலம் விசாரிப்பதை இந்தத் தடவை விட்டுவிடுங்கள்.

அவர் போய்ச் சேர்ந்து இன்றைக்கு நாலு வாரம். செப்டம்பர் 29, மிக்கேல் சம்மனசு திருநாள், விடியற்காலை.

உங்கள் கடிதம் 25ஆம் தேதி வந்தது. படிக்காமல் போ என்று எழுதியிருந்தீர்கள். ஆஸ்பத்திரிக்குப் போக பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தேன். படித்துவிட்டேன். பஸ் வந்தது. ஏறவில்லை. வீட்டுக்குத் திரும்பிவிட்டேன்.

அன்றும் போகவில்லை, வியாழனும் போகவில்லை, வெள்ளியும் போகவில்லை. பிள்ளைகளிடம் எனக்குக் காய்ச்சல் என்றேன். சமையல்கட்டில் ஒரு பானையைக்கூட என்னால் மூட முடியவில்லை. எல்லாம் திறந்தே கிடந்தன. அந்த நாட்களில் அவர் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாராம், பக்கத்து வீட்டாரோடு போய்வந்த பிலோமினா சொன்னாள். அப்பா கேட்டால் என்ன சொல்ல என்று என்னிடம் கேட்டாள். நான் அவள் பின்னலைப் பார்த்தேன். மூடியை இறக்கிய அந்தக் கைதானே இத்தனை வருஷமும் அதைப் பின்னியது என்று நினைத்தேன். நான் எவ்வளவு கெட்டவள் என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

சனிக்கிழமை சாமியார் ஆள் அனுப்பினார், இன்றைக்குள் வந்தால் பார்க்கலாம் என்று. போனேன். அவருக்கு மூச்சு மேலும் கீழுமாய் இழுத்துக்கொண்டிருந்தது. "சவரி அண்ணன் விட்டாச்சு. எனக்கு எல்லாம் தெரியும்" என்றேன். அவருக்குக் கண்ணோரம் தண்ணீர் இறங்கியது. அப்போதும் நான் நல்லவளாக இல்லை. "பரிகாரத்துக்காகத்தான் என்னைக் கட்டினீங்களா?" என்று கேட்டேன். சாகப்போகிற மனிதரிடம் கேட்கிற கேள்வியா அது! அவர் உண்மையையே சொன்னார். "முதல் வருஷம் அதுக்காகத்தான் மேரி. அப்புறம் இல்ல."

"மன்னிப்பியா?" என்றார். சாமியார் கையில் நன்மையோடு காத்துக்கொண்டிருந்தார். நான் அவர் கையைப் பிடித்து, "மன்னிச்சிட்டேன்" என்றேன்.

பொய், அண்ணன். என் மனம் பாறையாய்க் கிடந்தது. அவர் ஆத்துமத்தைக் காப்பாற்ற வேண்டும், அவ்வளவுதான் எனக்குத் தெரிந்தது. அதோடு விட்டாரா? "தொம்மையும் மன்னிச்சிருப்பானா?" என்றார். "மன்னிச்சிருப்பான்" என்றேன். என் அண்ணனுக்காகப் பேச என்னை யார் விட்டது? அவன் அந்த இருட்டில் என்ன நினைத்தான் என்று எனக்கு எப்படித் தெரியும்?

அவர் பத்து வருஷத்துக்கு அப்புறம் நன்மை வாங்கினார். வாயைத் திறந்தபோது முகம் சின்னப்பிள்ளை முகம் மாதிரி ஆகிவிட்டது. பூசுதலும் ஆயிற்று. நிம்மதியாகப் போனார். பிடாடாரிக் கல்லறைக்கு எத்தனை கூட்டம்! அர்ச்சிஷ்டவர் மாதிரி புனிதமாக வாழ்ந்த மனிதர் என்று சாமியார் பிரசங்கம் வைத்தார். பெண்களெல்லாம் என்னைக் கட்டிக்கொண்டு கொடுத்துவைத்தவள் என்றார்கள். நான் அதன் பிறகு நன்மை வாங்கப் போகவில்லை. பெஞ்சில் இருந்துகொள்கிறேன்.

உங்களையும் மன்னித்ததாக எழுதச் சொல்கிறீர்கள். என்னிடம் இருந்தது ஒரே ஒரு பொய். அதை அவருக்குக் கொடுத்துவிட்டேன். உங்களுக்குக் கொடுக்க ஒன்றுமில்லை.

அற்புதமேரி

*

தூத்துக்குடி
15-12-1957

தங்கச்சிக்கு,

பிள்ளைகளுக்குக் கிறிஸ்துமஸ் வாழ்த்து. கமிட்டியிலிருந்து விலகிவிட்டேன். காரணம் கேட்டவர்களுக்கெல்லாம் காரணத்தைச் சொன்னேன். தொம்மைக்கும் லாசரஸுக்கும் சேர்த்து ஒரே பூசை வைத்தேன். உன்னைக் கேட்காமல் செய்தது தப்பானால் திட்டியாவது எழுது.

சவரிராஜ்

*

தூத்துக்குடி
20-2-1958

தங்கச்சிக்கு,

சுகந்தானா? பதில் இல்லை. லாசரஸ் பத்து வருஷம் தபால்காரனை எப்படிப் பார்த்திருப்பான் என்று இப்போது தெரிகிறது.

சவரிராஜ்

*

செம்பவாங்
8-4-1958

சவரிராஜ் அண்ணனுக்கு,

பாஸ்கா திருநாள் முடிந்தது. பிள்ளைகள் சுகம். எனக்குப் பேஸ் துரை வீட்டில் தையல் வேலை கிடைத்திருக்கிறது. மதினி உங்களோடு பேச ஆரம்பித்துவிட்டாளா?

பெரிய சனிக்கிழமை மாணிக்கம் வந்தார். பட்டறையில் அவரோடு வேலை செய்தவர். அலமாரியில் கிடந்த சட்டையையும் சாப்பாட்டு டப்பாவையும் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, காப்பி குடித்துக்கொண்டே அவரைப் பற்றிப் பேசினார். சிரிக்கச் சிரிக்கத்தான் சொன்னார்.

"லாசரஸ் அண்ணனோட வேலை செஞ்சா எப்பவும் லேட்டு லா, அண்ணி. கப்பல்ல பாய்லரு, தண்ணி டாங்கி, எதை மூடறதுனாலும் சரி, உள்ள போன ஒவ்வொருத்தன் பேரையும் கூப்பிடுவாரு. நாங்க எல்லாரும் வெளியில அவர் கண்ணு முன்னாலதான் நிப்போம். அப்பவும் கூப்பிடுவாரு, நாங்க ஆஜர்னு சொல்லணும். கடைசியா தலையை உள்ள விட்டு 'தொம்மை'ன்னு ஒரு குரல் குடுப்பாரு. நம்ம கேங்ல அப்படி ஆளே கிடையாதேண்ணே, யாரு அதுன்னு கேட்டா, 'இருந்தா பதில் சொல்லட்டும்'பாரு. காதை வச்சுக் கேட்டுக்கிட்டு நிப்பாரு. அப்புறந்தான் மூடவிடுவாரு. பத்து வருஷமும் இதே கூத்துதான் லா. வெள்ளைக்கார போர்மேன் திட்டுவான். இவரு கேக்கவே மாட்டாரு."

நான் சமையல்கட்டுக்குள் போய் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதேன். அவர் செத்தபோதுகூட எனக்கு அந்த அழுகை வரவில்லை.

நேற்று பிடாடாரிக்குப் போனேன். கல்லறை முன்னால் நின்று, அன்றைக்கு ஆஸ்பத்திரியில் சொன்னதைத் திரும்பவும் அவரிடம் சொன்னேன். இந்தத் தடவை பொய்யில்லை.

உங்கள் பேரையும் அதோடு சேர்த்துச் சொல்லிப் பார்த்தேன். வாய் வரவில்லை. எழுதிக்கொண்டிருங்கள், நான் படிக்கிறேன்.

அற்புதமேரி லாசரஸ்